ஏழாம் நம்பர் டோக்கன்

அத்தியாயம் 5

மாமாவுக்கு வயது நாற்பத்தெட்டு. பாஸுக்கு முப்பத்தொன்று. பாஸ் வேறு யாருமில்லை, மாமாவின் சொந்த அக்கா மகள்தான். பிறந்த அன்று துணியில் சுற்றிய குழந்தையை நர்ஸ் கையிலிருந்து வாங்கியவர் இவர். "அப்பவே என்னைச் சந்தேகமா பார்த்தா. துப்பறியத்தான் போவான்னு அன்னிக்கே தெரியும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். பார்த்துக்கொண்டிருந்த வேலை ஒரு நாள் இவரைப் பார்க்காமல் போய்விட, அவள் நடத்தும் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டில் "பாப்பா", ஆபீசில் "பாஸ்" என்பது மாமா தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம்.

அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே. கீழே மிஷின் ஓடினால் மேலே மேஜை நடுங்கும். அந்த வியாழக்கிழமை பதினோரு மணிக்கும் மேஜை நடுங்கிக்கொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெண் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். விரல் நுனியெல்லாம் சூட்டில் பழுத்திருந்தது.

"தீவுக்குப் படகு விடுறாங்கள்ல, அதுல என் தங்கச்சிதான் கைடு," என்றாள். "இன்னிக்கு நாலு மணிக்குத் துறைமுக ஆபீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறா. ஆளை எண்ணாம படகைக் கிளப்பச் சொல்லிட்டேன்னு. கையெழுத்துப் போட்டா லைசென்ஸ் போயிடும். அவ சம்பளத்துலதான் எங்க அம்மாவுக்கு வைத்தியம் நடக்குது மேடம்."

விஷயம் ஊரறிந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேர் அந்தத் தீவுக்குப் போனார்கள். கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு கவிழ்ந்து மிதந்தபடி பவளப்பாறையையும் கலர் கலரான மீன்களையும் பார்ப்பதற்கு. சாயங்காலம் திரும்பி வந்தது பதினோரு பேர். வராதவர் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர், தனிக்கட்டை. அதனால் அவரைக் காணோம் என்று தேடக்கூட யாருமில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் அந்தப் பக்கம் வலை போடப் போன மீனவர்கள் மணலில் கிடந்தவரைத் தூக்கி வந்தார்கள். இரண்டு ராத்திரி, நடுவில் ஒரு முழுப் பகல், குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. இப்போது ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறுகிறது. இன்னும் கண் திறக்கவில்லை.

"தங்கச்சி எண்ணலையா?" என்று கேட்டாள் பாஸ்.

"சாப்பிட மறந்தாலும் எண்ண மறக்க மாட்டா. ஆளுக்கு ஒண்ணுன்னு பன்னெண்டு டோக்கனும் பலகையில தொங்கிச்சுக்கான்னு செவ்வாய்க்கிழமை சொல்லி அழுதா. அடுத்த நாள்லேருந்து வாயே திறக்கலை. தப்பு என்னோடதுதான்னு மட்டும் சொல்றா."

"மனுஷக் கால் படாத தீவுன்னு போஸ்டர் ஒட்டியிருக்காங்க," என்றார் மாமா. "வாராவாரம் இருபத்துநாலு கால் படுது. எண்ணுறதுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்."

சலவைக் கடைப் பெண் சிரிக்கவில்லை. பாஸும் சிரிக்கவில்லை. மாமா கொஞ்சம் லேட்டாகத் தானும் சிரிப்பதை நிறுத்தினார்.

"மாமா, அந்தப் படகுல நீங்களும் போனீங்கள்ல?"

"கீழே ஜெராக்ஸ்காரருக்கு ஓசியில வந்த டிக்கெட். அவர் போக முடியலைன்னு எனக்குக் கொடுத்தாரு. லிஸ்ட்டுல அவர் பேருதான் இருக்கு. அதான் விசாரணைக்கு என்னை யாரும் கூப்பிடலை. நான் தண்ணிலயே இறங்கலை பாஸ். குளியலறை பக்கெட்டைத் தாண்டி எனக்கு நீச்சல் தெரியாது."

பாஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நாலு மணிக்கு இன்னும் அஞ்சு மணி நேரம் இருக்கு. வாங்க, அந்த டோக்கனைப் பார்த்துட்டு வரலாம்."

படகுத்துறை ஷெட்டில் உப்பு நாற்றமும் ரப்பர் நாற்றமும் கலந்து அடித்தது. படகு டிரைவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தொட்டியிலிருந்த சோப்புத் தண்ணீரில் நீச்சல் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக முக்கி எடுத்து, உள்பக்கம் விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். கழுவிய குழாய்கள் கயிற்றில் வரிசையாகத் தொங்கின. நீந்துவதற்கான வாத்துக்கால் செருப்புகளை சைஸ் பார்த்து ஜோடி ஜோடியாக அடுக்கியிருந்தார்.

நிமிர்ந்து பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "அட, பின்சீட் சார்! இப்ப வயிறு எப்படி இருக்கு?"

"அது அன்னிக்கே தீவுல இறங்கிடுச்சு. நான் மட்டும்தான் திரும்பி வந்தேன்," என்றார் மாமா.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. டிரைவர் தலையைக் குனிந்து மறுபடி கண்ணாடியைத் தேய்க்கலானார்.

டோக்கன் பலகை ஞாயிற்றுக்கிழமை இருந்தபடியே சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பன்னிரண்டு ஆணி, பன்னிரண்டு மரவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர், ஒரு துளை, ஒரு பருத்தி நாடா. பலகை படகின் பின்பக்கம், ஏணிக்குப் பக்கத்தில் நிற்கும். தண்ணீரில் இறங்குகிறவர் மணிக்கட்டில் கைடு டோக்கனைக் கட்டி அனுப்புவாள். திரும்பி ஏறியதும் அவரவர் அவிழ்த்து அவரவர் ஆணியில் மாட்ட வேண்டும்.

"தன் டோக்கனைத் தன் கையாலதான் மாட்டணும். புருஷன் டோக்கனைப் பொண்டாட்டி மாட்டினாக்கூட அந்தப் பொண்ணு கழட்டித் திருப்பிக் கொடுக்கும். அவ்வளவு கறார்," என்றார் டிரைவர்.

"அப்ப ஞாயித்துக்கிழமை?"

"காத்து ஏறிடுச்சும்மா. இருட்டிக்கிட்டு வந்துச்சு. நான் முன்னாடி ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு, சீக்கிரம் சீக்கிரம்னு கத்திக்கிட்டிருந்தேன். பின்னாடிலேர்ந்து 'பன்னெண்டு, கிளம்பலாம்'னு அது குரல் கேட்டுச்சு, கிளப்பிட்டேன். கரைக்கு வந்ததும் இந்தப் பக்கம் மழை. எல்லாரும் துண்டைத் தலையில போட்டுக்கிட்டு ஓடிட்டாங்க. சாமான் எண்ணுறப்ப ஒரு கண்ணாடி குறைஞ்சது. கடல்ல விட்டிருப்பாங்கன்னு நெனச்சேன். மாசத்துக்கு ரெண்டு அப்படிப் போகும்." அவர் கை சோப்புத் தண்ணீருக்குள்ளேயே நின்றது. "அந்தக் கண்ணாடியை நான் தேடியிருக்கணும்."

பாஸ் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தாள். பூதக்கண்ணாடி, பவுடர், பிரஷ் என்று எதுவும் அவள் வைத்துக்கொள்வதில்லை. கண்ணை மூடிக்கொண்டு நாடாக்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே போனாள்.

"கடல் தண்ணில நனைஞ்சு காய்ஞ்ச துணி எப்படி இருக்கும் மாமா?"

"கஞ்சி போட்ட காலர் மாதிரி இருக்கும்."

"இதுல ஒன்பது நாடா அப்படி இருக்கு. மூணு நாடா மெத்துமெத்துன்னு இருக்கு. அப்ப மூணு டோக்கன் தண்ணியைப் பார்க்கவே இல்லை." அவள் டிரைவர் பக்கம் திரும்பினாள். "தண்ணில இறங்காதவங்க எத்தனை பேர்?"

"ரெண்டு பேரும்மா. புதுசா கல்யாணமான பொண்ணு ஒண்ணு, நாலாம் நம்பர், தலைமுடி கெட்டுடும்னு இறங்கலை. முன்னாடி என் பக்கத்துல துண்டைப் போர்த்திக்கிட்டுப் படுத்திருந்துச்சு. அப்புறம் பதினொண்ணாம் நம்பர்ல ஒரு சார்."

"எந்த சார்?"

"இந்த சார்தான்."

"இறங்காதவங்களுக்கு டோக்கன் கட்ட மாட்டாங்க, பலகையிலேயே தொங்கும். சரியா? புதுப்பொண்ணு நாலு, மாமா பதினொண்ணு. நனையாத ஆள் ரெண்டு, நனையாத டோக்கன் மூணு." பாஸ் மூன்றாவதை ஆணியிலிருந்து எடுத்தாள். "ஏழு."

மாமா அந்த மரவில்லையைப் பார்த்தார். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி இருந்தது. கத்தவும் முடியவில்லை, சும்மா நிற்கவும் முடியவில்லை. ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த ஏழாம் நம்பரை அந்த ஆணியில் மாட்டியது அவர்தான்.

படகு ஆடிய ஆட்டத்தில் அவருக்குக் குடல் வாய்க்கு வந்துகொண்டிருந்தது. எப்போது கிளம்புவார்கள், எப்போது தரையில் கால் வைப்போம் என்பது தவிர வேறு நினைப்பில்லை. கைடு பெண் ஏணியை மேலே இழுத்தபடி, "ஏழு யாரு? ஏழு இன்னும் மாட்டலை!" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகு இந்தப் பக்கம். மாமாவின் பெஞ்சுக்கடியில், காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது டோக்கன். யாரோ ஏறி வந்த அவசரத்தில் கீழே போட்டுவிட்டார் என்றுதான் நினைத்தார். குனிந்து எடுத்தார். "இதோ இருக்காரு ஏழு, பெஞ்சுக்கடியில படுத்துத் தூங்குறாரு!" என்றார். பக்கத்திலிருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். ஆணியில் மாட்டினார். கைடு திரும்பிப் பலகையைப் பார்த்து எண்ணினாள். பன்னிரண்டு. படகு கிளம்பியது.

"முடிச்சைப் பாருங்க," என்றாள் பாஸ். "தண்ணிக்குப் போய்ட்டு வந்த ஒன்பதையும் அவிழ்த்து மாட்டியிருக்காங்க. இது மட்டும் முடிச்சு அவிழாம வளையமாவே இருக்கு." வாட்ச் கட்டியிருந்த தன் கையை அதில் நுழைத்தாள். வாட்ச்சுக்கு மேலே சரியாக உட்கார்ந்தது. பிறகு வாட்ச்சை அவிழ்த்து எடுத்தாள். டோக்கன் கையோடு வழுக்கிக் கீழே விழுந்தது. "மாஸ்டர் கையில வாட்ச் இருந்திருக்கு. அதுக்கு மேலயே கைடு கட்டிட்டாங்க. இறங்குறப்பதான் அவருக்கு வாட்ச் நனையுமேன்னு ஞாபகம் வந்து கழட்டியிருக்காரு. டோக்கன் விழுந்தது தெரியலை. ஆள் இறங்கிட்டாரு, டோக்கன் படகுலயே தங்கிடுச்சு. அதை எடுத்து யாரோ மாட்டியிருக்காங்க."

"காத்து அடிச்சுப் போய் மாட்டியிருக்கலாமே பாஸ். அன்னிக்கு நல்ல காத்து."

"காத்துக்கு நம்பர் படிக்கத் தெரியுமா மாமா?"

"அப்ப டிரைவரா இருக்கும்."

"நான் முன்னாடில்ல இருந்தேன்!" என்று டிரைவர் தொட்டியை விட்டு எழுந்தார்.

"சரி, சரி, கோவிச்சுக்காதீங்க. நான் மட்டும் சத்தியமா இல்லை. எனக்கு எழுந்து நிக்கவே தெம்பில்லை."

உங்களை யாரும் கேட்கவில்லையே என்று பாஸ் சொல்லியிருக்கலாம். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதையாக அவர் பேசுவது டிரைவருக்கே ஒரு மாதிரியாக இருந்தது. ஆனால் பாஸ் வாட்ச்சை மறுபடி கட்டிக்கொண்டு, "புதுப்பொண்ணு எங்கே வேலை பார்க்குது?" என்று மட்டும் கேட்டாள்.

புதுப்பொண்ணு வேலை பார்த்தது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். மாமா ஸ்கூட்டரை விட்டு இறங்கவில்லை. "இங்கே நிறுத்தக்கூடாதுன்னு போர்டு இருக்கு. நான் வண்டியைப் பார்த்துக்கிறேன், நீங்க போய்ட்டு வாங்க," என்றார். அப்படி ஒரு போர்டு அந்தத் தெருவிலேயே கிடையாது.

கடையின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே புதுப்பொண்ணு மேஜைமேல் ஃபிரேம்களைத் துடைத்துத் துடைத்து அடுக்கியபடி பேசுவது தெரிந்தது. பேச்சு கேட்கவில்லை. பாஸ் ஏதோ கேட்டாள். அவள் யோசித்தாள். தலையில் துண்டைப் போர்த்திக்கொள்வது போலக் கையால் காட்டினாள். பிறகு எதையோ நினைத்துச் சிரித்தாள். அதற்குப் பிறகு சிரிப்பு நின்றது. அவள் முகம் மெல்லத் தெருப் பக்கம் திரும்பியபோது மாமா சட்டென்று குனிந்து, காற்று நன்றாகவே இருந்த பின்சக்கரத்தை அழுத்திப் பார்க்க ஆரம்பித்தார்.

இப்போதே உள்ளே ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. கால் நகரவில்லை. ஒரு டோக்கன், ஒரு ஜோக், அதற்கு மேல் நான் என்ன செய்தேன் என்று கேட்டுப் பார்த்தார். கேள்விக்கு அவரிடமே பதில் இருந்தது. அந்தப் பக்கம் மட்டும் அவர் மனசு போக மறுத்தது.

பாஸ் வெளியே வந்தாள். "டீ சாப்பிடலாமா?" என்றாள்.

துறைமுக ஆபீசுக்கு எதிரே டீக்கடை. மணி மூன்றரை. மாமா கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு?"

"யாரோ ஜோக் அடிச்சது காதுல விழுந்துச்சாம். எல்லாரும் சிரிச்சாங்களாம். முகத்தைப் பார்க்கலையாம்."

மாமா மூச்சை விட்டார். விட்ட மூச்சு டீயின் ஆவியைக் கலைத்தது.

"நீங்க ஒரு கேள்வி கேட்கவே இல்லையே மாமா," என்றாள் பாஸ். "ஆபீஸ் வாடகைக்கே ததிங்கிணத்தோம் போடுறப்ப, ஃபீஸ் பத்திப் பேசாம இந்தக் கேஸை ஏன் எடுத்தேன்னு."

"ஏன் எடுத்தே?"

"முதல் தடயம் ஷெட்டுல இல்லை. வீட்டுல இருந்தது. சாதாரணமா நீங்க பத்து நிமிஷத்துக்கு ஒரு ஜோக் அடிப்பீங்க. செவ்வாய்க்கிழமை மத்தியானம் இந்தச் சேதி வந்ததிலேர்ந்து நிமிஷத்துக்கு ஒண்ணு அடிக்கிறீங்க. ஆனா சோறு அப்படியே இருக்கு. அம்மா பார்த்துட்டு, தம்பிக்கு என்னடி ஆச்சுன்னு என்கிட்ட அழுதா."

அந்தக் கணக்கில் ஒரு சின்னப் பிழை இருந்தது. திருத்துவதற்காக மாமா வாயைத் திறந்தார். பிறகு டீயை உறிஞ்சி மூடிக்கொண்டார்.

"இன்னிக்குக் காலையிலேர்ந்து நான் துப்பறியலை மாமா. உங்க பின்னாடிதான் சுத்திக்கிட்டிருக்கேன். ஷெட்டுல சொல்லுவீங்கன்னு நெனச்சேன். கண்ணாடிக் கடை வாசல்ல சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

"ஒரு டோக்கனை எடுத்து மாட்டினேன் பாப்பா. அவ்வளவுதான். கெட்ட எண்ணமில்லை. வாந்தி வந்துச்சு, வீட்டுக்குப் போகணும்னு இருந்துச்சு."

"தெரியும்."

"நீ போய்ச் சொல்லிடேன். எனக்கு நாக்கு எழலை."

"நான் சொன்னா அது கண்டுபிடிப்பு. நீங்க சொன்னாத்தான் வாக்குமூலம்." அவள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். "நான் உள்ளே போறேன். வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

அவள் தெருவைத் தாண்டிப் போவதை மாமா பார்த்தார். முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு இவர் கையைப் பிடித்துக்கொண்டு போனவள் அவள். இப்போது திரும்பிப் பார்க்காமல் போனாள். அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடந்தார்.

துறைமுக அதிகாரியின் அறையில் ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, நாலு நாற்காலி. மேஜைமேல் டைப் அடித்த தாள் தயாராக இருந்தது. அதன் முன்னால் கைடு பெண். இருபத்துநாலு வயதிருக்கும், வெயிலில் மூக்கு நுனி உரிந்திருந்தது. பின்னால் அவள் அக்கா. ஜன்னலோரம் படகு முதலாளி அடிக்கொரு தரம் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனா ஏற்கனவே அந்தப் பெண்ணின் கையில் ஏறிவிட்டது.

"கையெழுத்துப் போடாதேம்மா," என்றார் மாமா வாசலிலிருந்தே. "எண்ணினே. நீ எண்ணினது சரி. பலகையில பன்னெண்டு இருந்துச்சு. பன்னெண்டாவதை மாட்டினது நான்."

எல்லாவற்றையும் சொன்னார். பெஞ்சு, டோக்கன், தன் அவசரம், அடித்த ஜோக், எதையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அக்காக்காரியின் முகத்தில் உயிர் வந்தது. முதலாளி மட்டும் வாட்ச்சைப் பார்ப்பதை நிறுத்தி மாமாவை முறைத்தார்.

ஆனால் கைடு பெண் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"எனக்குத் தெரியும் சார்," என்றாள்.

"என்னம்மா தெரியும்?"

"நீங்கதான் மாட்டினீங்கன்னு. முதுகைக் காட்டிக்கிட்டு நின்னேன், ஆனா ஜோக் காதுல விழுந்துச்சு. பெஞ்சுக்கடியில ஏழு தூங்குறாருன்னு. மத்த நாளா இருந்தா டோக்கனைக் கழட்டி, ஆளைக் கூப்பிட்டு, அவர் கையாலயே மாட்ட வெச்சிருப்பேன். அன்னிக்குக் காத்து ஏறுதுன்னு டிரைவர் அண்ணன் கத்திக்கிட்டிருந்தாரு. நானும் சிரிச்சுட்டேன் சார். சிரிச்சுக்கிட்டே எண்ணினேன்." அவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். "அதனாலதான்க்கா உன்கிட்ட சொல்லலை. அந்த சார் மேல போட்டு நான் தப்பிக்கக்கூடாதுன்னு."

மின்விசிறி சுற்றியது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனுஷர். வீட்டில் அவருக்கும் அந்த வயதில் ஒரு பெண் இருந்திருக்க வேண்டும்.

"சரி. இந்தத் தாள் வேண்டாம்," என்று அதைக் கிழித்தார். "நடந்ததை ரெண்டு பேரும் தனித்தனியா எழுதிக் கொடுங்க. எண்ணலைங்கிறது வேற, ஏமாந்துட்டாங்கங்கிறது வேற. லைசென்ஸைக் கொஞ்ச நாள் நிறுத்தி வெப்பாங்க, பறிக்க மாட்டாங்க. அதுக்கு நான் எழுதறேன். சார், உங்க பேர்லயும் யாரும் பெரிய குத்தம் சொல்லப் போறதில்லை. தெரியாம நடந்துபோச்சு. அந்தப் பெரியவரும் எங்கேயாவது மரத்தடியில கண்ணசந்திருப்பாரு. படகு போனதே அவருக்குத் தெரிஞ்சிருக்காது."

"ஆமா சார்," என்றாள் அக்காக்காரி, வேகவேகமாக.

பாஸின் கை மாமாவின் தோளில் வந்து விழுந்தது. காலையிலிருந்து முதல் தடவையாக அவள் குரல் இளகியது. "எழுதிக் கொடுத்துட்டு வாங்க மாமா. வீட்டுக்குப் போகலாம்."

மாமா உட்கார்ந்தார். வெள்ளைத்தாளை இழுத்துக்கொண்டார். பேர், விலாசம் எழுதினார். டோக்கன் கிடந்த இடம் எழுதினார், மாட்டியதை எழுதினார். இன்னும் ஒரு கையெழுத்துதான் பாக்கி. போட்டால் எல்லாம் முடிந்துவிடும். கைடு பெண் அவரை நன்றியோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"அவர் தூங்கலை," என்றார்.

"யாரு?" என்றார் அதிகாரி.

"மாஸ்டர். நான் கடைசி பெஞ்சுல, தீவைப் பார்த்த மாதிரி உக்கார்ந்திருந்தேன். மத்தவங்க எல்லாம் கூரைக்குக் கீழே முன்பக்கம் திரும்பியிருந்தாங்க. படகு கொஞ்ச தூரம் வந்ததும் மணல்ல ஒருத்தர் ஓடி வந்தாரு. ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினாரு. யாரோ வழியனுப்புறாங்கன்னு நெனச்சேன். நானும் கையைத் தூக்கி ஆட்டினேன்."

அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"என் கையைப் பார்த்ததும் அவரு ஆட்டுறதை நிறுத்திட்டாரு. பார்த்துட்டாங்க, திரும்பி வருவாங்கன்னு நெனச்சிருப்பாரு. அப்படியே மணல்ல உக்கார்ந்துட்டாரு."

கைடு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி நிதானமாகக் கேட்டார்: "அது அவர்தான்னு உங்களுக்கு எப்போ புரிஞ்சுது? செவ்வாய்க்கிழமை சேதி வந்தப்பவா?"

மாமா பாஸைப் பார்க்க முயன்றார். முடியவில்லை.

"அன்னிக்கே. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டும்போது. அந்தத் தீவுலதான் யாருமே கிடையாதே, அப்ப வழியனுப்பினது யாருன்னு தோணிச்சு. ஓடிப்போய் யார்கிட்டயாவது சொல்லியிருக்கணும். பன்னெண்டு டோக்கனும் இருந்துச்சே, அந்தப் பொண்ணு எண்ணிச்சேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். மாட்டினவனே நான்தானே. சொன்னா சிரிப்பாங்கன்னு இருந்துட்டேன். மறுநாள் பயத்துல இருந்துட்டேன்."

தோளிலிருந்த கை எடுபட்டது. பாஸ் சுற்றி வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. மாமா எழுதிய தாளை எடுத்து ஒரு ஓரமாக வைத்துவிட்டு, வேறொரு வெள்ளைத்தாளை அவர் முன்னால் தள்ளினாள்.

"முதல்லேர்ந்து எழுதுங்க," என்றாள். "சட்டையைக் கழட்டினப்ப மணி என்ன?"

"ஆறு இருக்கும்."

"ஆறுன்னு எழுதுங்க."

மாமா எழுதினார். எழுத்து கோணியது. பேனாவை நிறுத்தி, தாளைப் பார்த்தபடியே சொன்னார்:

"அப்ப இன்னும் வெளிச்சம் இருந்துச்சு பாப்பா."

"அதையும் எழுதுங்க," என்றாள் அவள்.